கல்லுக்கு வால்

அன்புள்ள ஐயா,

ஃபேத்தான் என்ற சிறுகோள் சூரியனை நெருங்கும்போதெல்லாம் வால்நட்சத்திரம் போல வால் விடுகிறதாம். பனியே இல்லாத வெறும் கல்லுக்கு வால் எங்கிருந்து வரும்? முதலில் தூசி என்றார்கள், 2023இல் சோடியம் என்று மாற்றிவிட்டார்கள். இப்படி மாற்றி மாற்றிச் சொன்னால் எதைத்தான் நம்புவது?

சு.

அன்புள்ள சு.,

நல்ல கேள்வி. கடைசி வரிதான் எரிச்சலூட்டியது.

ஃபேத்தான் சூரியனுக்கு 2.1 கோடி கிலோமீட்டர் தொலைவு வரை போய்வருகிறது. புதன்கூட அவ்வளவு கிட்டே போவதில்லை. அங்கே அதன் மேற்பரப்பு 700 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். பாறைக்குள் கிடக்கும் சோடியம் ஆவியாகிக் கிளம்பப் போதுமான சூடு. மோதலாலும் வேகமான சுழற்சியாலும் தூசி கக்கும் சிறுகோள்களும் உண்டு. அவை இப்போது வேண்டாம்.

இந்த வாரம் முழுக்க என் அத்தையின் நினைவாகவே இருந்தேன். எங்களுக்குக் காய்ச்சல் என்றால் கல்லுப்பும் மிளகாயும் சுற்றி விறகடுப்பில் போடுவார். உப்பு படபடவென்று வெடிக்கும். "எத்தனை கண் பட்டிருக்கிறது பார்" என்பார். நாங்கள் சத்தத்தையே எண்ணிக்கொண்டிருந்தோம். கங்குகளின் மேல் பளிச்சென்று எழுந்த மஞ்சள் நாக்கை யாரும் பொருட்படுத்தவில்லை. அது சோடியத்தின் மஞ்சள் என்பது கல்லூரிச் சோதனைக்கூடத்தில், உப்பில் தோய்த்த கம்பியைச் சுடரில் காட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது. ஃபேத்தானிலிருந்து கிளம்பும் சோடியமும் வெயில் பட்டு அதே மஞ்சளில்தான் மின்னுகிறது.

2009இல் ஸ்டீரியோ விண்கலத்தின் படங்களில் ஃபேத்தான் திடீரென்று பிரகாசமானது. வெப்பத்தில் பாறை விரிசல்விட்டுத் தூசி உதிர்கிறது என்று கணித்தார்கள். நியாயமான கணிப்பு. டிசம்பரில் பொழியும் ஜெமினிட் எரிகற்களே அதன் துணுக்குகள்தானே? ஆனாலும் சிலருக்குச் சந்தேகம் தீரவில்லை. 2022 மே மாதம் அது சூரியனருகே வந்தபோது, சோஹோ விண்கலத்தின் வண்ண வடிகட்டிகள் வழியே பார்த்தார்கள். சோடியத்தின் ஒளியை உள்ளே விடும் ஆரஞ்சு வடிகட்டியில் வால் தெரிந்தது. தூசி இருந்திருந்தால் நீல வடிகட்டியிலும் தெரிந்திருக்க வேண்டும். அதில் ஒன்றுமே இல்லை.

இதற்குப் பெயர் மாற்றிப் பேசுவதா? என் அத்தை ஒருநாளும் மாற்றிப் பேசியதில்லை. காய்ச்சல் இறங்கினால் கண் கழிந்தது. இறங்காவிட்டால் பெரிய கண். அப்படிப்பட்ட உறுதிதான் உங்களுக்கு வேண்டுமென்றால் கல்லுப்பு மலிவாகவே கிடைக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். காய்ச்சல் இரவுகளில் என் தலைமாட்டில் விழித்திருந்தவர் அத்தைதான். அவரையே கேள்வி கேட்கத் துணிந்தவன், உங்களையா விடுவேன்?

அந்தச் சோடியம் மட்டும் இவ்வளவு பெரிய எரிகல் கூட்டத்தை உண்டாக்கியிருக்க முடியாது. அந்தக் கூட்டம் எப்படிப் பிறந்தது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அந்தத் தீர்ப்பும் ஒருநாள் மாறும், அப்போதும் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். அதற்கு முன் ஒருமுறை டிசம்பர் 14 அன்று, விடிவதற்கு நான்கு மணி நேரம் முன்பே மொட்டைமாடிக்குப் போய் மல்லாந்து படுங்கள். போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். செல்போனைக் கீழேயே வைத்துவிட்டுப் போங்கள். கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரமாவது ஆகும்.