சிங்கப்பூர் சாப்பாட்டுக்குப் பெயர்ப் பொருத்தம்

கேள்வி: சிங்கப்பூரில் நீங்கள் சாப்பிட்டவற்றுக்கு விளையாட்டாக மதிப்பெண் போடச் சொன்னால் எப்படிப் போடுவீர்கள்?

ருசிக்கு மதிப்பெண் போட ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பார்ப்பது பெயர்ப் பொருத்தம் மட்டும். பெயரில் சொன்னது தட்டில் இருக்கிறதா? பத்துக்கு எவ்வளவு?

இந்தப் புத்தி வரக் காரணம் அத்தை. மன்னார்குடியிலிருந்து முதல்முறையாக வந்திருந்தார். உணவங்காடி நிலையத்துக்கு அழைத்துப் போய், மேசையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்தேன். "யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?" என்றார். பாக்கெட்டைத் தொடக்கூட மாட்டார்கள் என்றால் நம்பவில்லை. தன் குடையையும் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

"கேரட் கேக் சாப்பிடலாம் அத்தை" என்றேன். பல்லுக்கு மெத்தென்று ஏதோ இனிப்பு வரும் என்று காத்திருந்தவர் முன்னால், கடைக்கார அங்கிள் வாணலியில் வெள்ளைத் துண்டுகளைக் கொத்திக்கொண்டிருந்தார். முட்டை, பூண்டு, உப்பில் ஊறிய முள்ளங்கி. கொத்து புரோட்டா போடும் அதே சத்தம்.

"பிளாக்கா, வைட்டா?" என்றார் அங்கிள்.

"கேரட் எங்கடா?" என்றார் அத்தை.

கேரட் இல்லை. கேக்கும் இல்லை. அரிசி மாவில் வெள்ளை முள்ளங்கியைத் துருவிப் போட்டு ஆவியில் வேகவைத்து, வெட்டி வறுப்பது. ஹொக்கியன் என்ற சீன மொழியில் முள்ளங்கி 'சாய் தாவ்'. முன்னால் 'சிவப்பு' சேர்த்தால் கேரட். ஆங்கிலத்தில் பெயர் வைத்த புண்ணியவான் நிறத்தைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. பொருத்தம் பூஜ்யம். ஆனால் இனிப்பு சோயா சாஸ் ஊற்றிய கறுப்புத் தட்டை அத்தை வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்தவன் என்ற முறையில், இது ஜாதகம் சேராமலே நன்றாக வாழும் ஜோடி என்பேன்.

பக் குட் தே: பெயருக்கு 'இறைச்சி எலும்புத் தேநீர்' என்று பொருள். கிண்ணத்தில் மிளகும் பூண்டும் மணக்கும் பன்றி விலா ரசம்தான், தேயிலை கிடையாது. தேநீரைத் தனியாகக் குடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்து இலைக்காரனை வைத்துப் பெயர் எடுத்ததற்கு 4.

சில்லி கிராப்: 1956-ல் செர் யாம் தியான் என்ற பெண்மணி தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கியது. தக்காளியும் முட்டையும் சேர்ந்த குழம்பில் இனிப்புதான் முந்திக்கொள்கிறது, மிளகாய் பின்வரிசையில் நிற்கிறது. "இதுக்கா மிளகாய்னு பேரு?" என்பது அத்தையின் தீர்ப்பு. 6. பொரித்த மந்தோ பன்னால் குழம்பைத் துடைத்துச் சாப்பிடுவதற்கு அரை மதிப்பெண் கூட்டலாம்.

ரொட்டி ஜான்: நீள ரொட்டியில் முட்டையும் கொத்துக்கறியும் சேர்த்துக் கல்லில் வாட்டுவது. ரொட்டி சரி. ஜான் யார்? 5.

டிஷ்யூ பிராட்டா: நம்ம புரோட்டாவின் தம்பி. காகிதம் போல மெலிதாக்கிக் கூம்பாக நிறுத்திவைப்பார்கள். 9. இடம் பிடிக்க மட்டும் உதவாது.

கோப்பியில் நானே ஏமாந்திருக்கிறேன். வந்த புதிதில் கடுங்காப்பி நினைப்பில் வெறும் 'கோப்பி' என்று கேட்டு, அடியில் ஒரு விரற்கடை கண்டென்ஸ்டு மில்க்கோடு வாங்கினேன். பால் வேண்டாமென்றால் 'கோப்பி ஓ', சர்க்கரையும் வேண்டாமென்றால் 'கோப்பி ஓ கொசொங்'. கொசொங் மலாய்ச் சொல், காலி என்று பொருள். சொன்னதை அட்சரம் பிசகாமல் கொடுப்பார்கள் என்பதால் 9. அத்தை இரண்டே நாளில் 'தே ஓ' கேட்கப் பழகிவிட்டார், எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

கடைசியாக மீன் தலைக் கறி. 1949-ல் கேரளத்திலிருந்து வந்த கோமஸ் என்பவர் ஆரம்பித்தார் என்கிறார்கள். நம் ஊர்ப் புளிக்குழம்புதான், ஆனால் தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காகத் தலையையே போட்டார். வெண்டைக்காய், கத்தரிக்காய் மிதக்கும் சட்டியில் மீன் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். கன்னத்துச் சதையைத் தோண்டி எடுத்துச் சோற்றில் பிசைந்தால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. மீன், தலை, கறி, மூன்றும் சொன்னபடி. பத்துக்குப் பத்து!

இந்தப் பட்டியலைப் போனில் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். மீன் தலைக்கு அரை மதிப்பெண் குறைக்கச் சொல்கிறார். அன்றைக்கு ஒரு கண்தான் அவருக்குக் கிடைத்ததாம். இன்னொன்றை நான் தின்றதை மறக்கவில்லை.