ப்ரோஷரில் 14,000 கி.மீ. பறக்கும், சென்னையிலிருந்து பறக்குமா?

கேள்வி: ஏவியேஷன் எம்.பி.ஏ. இறுதியாண்டு படிக்கிறேன். கற்பனையாக ஓர் இந்திய ஏர்லைன்ஸ் சென்னை–நியூயார்க் இடைநில்லா விமானம் தொடங்கினால் எந்த விமானத்தை வாங்க வேண்டும் என்பது என் ப்ராஜெக்ட். தூரம் 13,500 கி.மீ. போயிங் 787-9 சுமார் 14,000 கி.மீ. பறக்கும் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். ஏர்பஸ் ஏ350-900, போயிங் 777-300ஈஆர் இரண்டையும்விட அது எடை குறைவு, எரிபொருளும் குறைவாகக் குடிக்கும். ஆகவே 787-9தான் என்று முடித்தேன். "நீ விமானம் வாங்கவில்லை, ப்ரோஷர் வாசித்திருக்கிறாய்" என்று கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தப்பு?

பதில்: கைடு கொஞ்சம் காரமாகச் சொல்லிவிட்டார், ஆனால் சொன்னது சரி. தப்பு விமானத்தில் இல்லை. நீங்கள் எடுத்துக்கொண்ட 13,500-இல் இருக்கிறது.

அது உருண்டை மேல் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். சென்னையிலிருந்து வடமேற்காக ஏறி பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியா, ரஷ்யா, பிறகு அட்லாண்டிக்கின் வட விளிம்பு, கனடா. 2025 ஏப்ரல் 24 முதல் இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளி அடைக்கப்பட்டது. அதன் பலன் என்ன? டெல்லியிலிருந்து அமெரிக்கா போன ஏர் இந்தியா விமானங்கள் வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. டெல்லி–வாஷிங்டன் சேவையை அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுத்தியே விட்டார்கள். அதற்குச் சொன்ன காரணங்களில் இந்த வான்வெளி அடைப்பும் ஒன்று.

ஆகவே உங்கள் விமானம் அரபிக்கடல் வழியாக ஓமன் பக்கம் போய், அங்கிருந்து ஐரோப்பாவைக் கடந்து அட்லாண்டிக் தாண்ட வேண்டும். அப்போதே 14,000 கி.மீ.-ஐத் தொட்டுவிடும். வான்பாதைகளும் நூல் பிடித்தாற்போல் இருக்காது; நான் 14,300 என்று வைப்பேன். அதன் மேல் எதிர்காற்று. மேற்கே போகும்போது சராசரியாக மணிக்கு 35 கி.மீ. எதிர்காற்று என்றாலும், 17 மணி நேரத்தில் சுமார் 600 கி.மீ. கூடுதலாகப் பறந்த கணக்கு. ஆக, இறக்கை உண்மையில் வெட்டிச் செல்லும் தூரம் 15,000 கி.மீ.-க்குக் கிட்டே வரும். சராசரிக் காற்றை வைத்துத் திட்டம் போடுகிறவர்களும் இல்லை. நூறு நாளில் 85 நாளாவது தாங்கும்படி காற்றுக் கணக்கு எடுப்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம்.

இனி எடைக்கு வருவோம். ப்ராஜெக்ட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நாலு பக்கம் ஒதுக்கினாலும் தகும்.

எந்த விமானத்துக்கும் அதிகபட்சப் புறப்பாட்டு எடை என்று ஒன்று உண்டு. அதற்குள் மூன்று சமாசாரம் அடங்க வேண்டும்: விமானத்தின் வெறும் எடை, எரிபொருள், காசு கொடுக்கும் சுமை. காசு கொடுக்கும் சுமை என்றால் பயணிகள், அவர்களின் பெட்டிகள், சரக்கு. 787-9-இன் உச்ச எடை 254 டன். வெறும் விமானம் சுமார் 129 டன். தொட்டியை வாய்வரை நிரப்பினால் 126,000 லிட்டர், ஏறக்குறைய 101 டன். கழித்துப் பாருங்கள், மிச்சம் 24 டன். அதுதான் உங்கள் வியாபாரம். ப்ரோஷரில் எழுதியிருக்கும் 14,000-ம் ஒரு குறிப்பிட்ட இருக்கை எண்ணிக்கைக்கு, சரக்கு இல்லாமல், காற்று இல்லாமல் போட்ட கணக்கு. ஹோட்டல் மெனுவில் இருக்கும் படம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

24 டன்னில் எத்தனை பேர் போகலாம்? ஆளுக்கு 100 கிலோ என்று பாடத்தில் போடுவார்கள். அப்படியானால் 240 பேர். இதைச் சரிபார்க்க ஓர் உண்மையான உதாரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் 2018 மார்ச்சில் பெர்த்–லண்டன் இடைநில்லாச் சேவையை இதே 787-9-இல் தொடங்கியது. தூரம் சுமார் 14,500 கி.மீ., பதினேழு மணி நேரத்துக்கு மேல். அந்த விமானத்தில் அவர்கள் வைத்த இருக்கைகள் 236. நம் கைக்கணக்கோடு ஒட்டி வருகிறதல்லவா? அதே 787-9-இல் சிங்கப்பூரின் ஸ்கூட் 375 இருக்கைகள் போட்டிருக்கிறது. ஒரே கூடு, இரண்டு வேறு தொழில்.

ஆனால் சென்னை–நியூயார்க்கில் 100 கிலோ செல்லாது. அமெரிக்கப் பயணத்துக்கு ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி என்பது நெடுநாள் வழக்கம். நம் ஊர்க்காரர்கள் 22.9 கிலோவுக்குக் குறைத்துக் கட்டுவதில்லை. மகள் வீட்டுக்குப் போகும் அம்மாவின் பெட்டியில் ஆவக்காய், பருப்புப்பொடி, கிரைண்டர் கல் வரைக்கும் இருக்கும். செக்-இன் கவுன்டர் ஓரமாகப் பெட்டியைத் திறந்துபோட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பொட்டலம் மாற்றுகிற காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்தத் தடத்துக்கு நான் ஆளுக்கு 120 கிலோ போடுவேன். உடனே 240 பேர் 200 பேர் ஆகிறார்கள். சரக்குக்கு ஒரு கிலோகூட இடமில்லை.

இதே கணக்கை மற்ற இரண்டுக்கும் போடுங்கள். ஏ350-900-இன் புதிய வகைக்கு உச்ச எடை 283 டன், வெறும் எடை சுமார் 142, முழுத் தொட்டி சுமார் 112. மிச்சம் 29 டன், நம் கணக்கில் 240 பேர். 777-300ஈஆருக்கு 351, 168, 145. மிச்சம் 38 டன், 315 பேர். இதைப் பார்த்ததும் "அப்போ 777தானே" என்று தோன்றும். ஆனால் ஏ350-ஐவிட 9 டன் கூடுதலாகச் சுமக்க அது 33 டன் கூடுதல் எரிபொருளை ஏற்றிக்கொண்டு போகிறது. எரிபொருளைச் சுமப்பதற்கும் எரிபொருள் எரியும் என்பதால் நெடுந்தூரத்தில் இந்த வித்தியாசம் வட்டி போட்டு வளரும். 2004-இல் வந்த விமானம் அது. தன் காலத்தில் ராஜா. இன்றைக்குப் புதிதாகத் தொடங்கும் தடத்துக்கு அதை எடுக்கக் காரணம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும்: கையில் ஏற்கெனவே இருக்கிறது என்பது. (இந்த வெறும் எடைகள் எல்லாம் தோராயம். இருக்கை, சமையலறை, படுக்கை எது வைக்கிறோம் என்பதைப் பொறுத்து சில டன்கள் கூடும், குறையும். ரிப்போர்ட்டில் அப்படியே எழுதிவிடுங்கள்.)

ஆக இந்தத் தடத்துக்கு மட்டும் கேட்டால் என் பதில் ஏ350-900. இங்கேயே முடித்தால் கைடு மறுபடியும் திருப்பி அனுப்புவார். ஒரு தடத்துக்கென்று யாரும் விமானம் வாங்குவதில்லை, வாங்கியவர்கள் பட்டிருக்கிறார்கள்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-இல் சிங்கப்பூர்–நியூவர்க் இடைநில்லாச் சேவை தொடங்கியது. 15,300 கி.மீ.-க்கு மேல், அன்று உலகிலேயே நீண்ட பயணம். அதற்கு ஏ340-500 என்ற நான்கு இன்ஜின் விமானம் ஐந்து வாங்கினார்கள். எரிபொருள் விலை ஏறியது. வெறும் 100 பிசினஸ் இருக்கை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். 2013-இல் நிறுத்திவிட்டார்கள். அந்த விமானங்களை வேறு தடத்தில் போட்டாலும் கட்டுபடியாகாது. புதிய ஆர்டரோடு சேர்த்துப் பேசி ஏர்பஸ்ஸிடமே திருப்பிக் கொடுத்தார்கள். 2018-இல் அதே தடம் ஏ350-900 யு.எல்.ஆரில் (மிக நெடுந்தூர வகை) திரும்ப வந்தது, 161 இருக்கைகள், எகானமி வகுப்பே கிடையாது. வித்தியாசத்தைக் கவனியுங்கள்: இந்த யு.எல்.ஆர்., அடிப்படையில் சாதாரண ஏ350தான். தடம் படுத்தால் விமானம் வேறு ஊருக்குப் போய்ச் சம்பாதிக்கும்.

ஏர் இந்தியாவின் 777-200எல்ஆர் கதையும் இதே ஜாதி. எட்டு வாங்கி, சில ஆண்டுகளிலேயே ஐந்தை அபுதாபியின் எதிஹாத் ஏர்லைன்ஸுக்கு விற்றார்கள். அந்த வகையை போயிங் உலகம் முழுக்க விற்றதே சுமார் 60தான். அதன் அண்ணன் 777-300ஈஆர் 800-க்கு மேல் விற்றது. அதிகம் பேரிடம் இல்லாத விமானத்தை விற்கப் போனால் வாங்க ஆள் இருக்காது, குத்தகைக்காரரும் விலையை அமுக்குவார். மீதி இருந்த மூன்றில் ஒன்றுதான் 2021 ஜனவரியில் பெங்களூரு–சான்ஃபிரான்சிஸ்கோ முதல் பயணம் போனது என்பதையும் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு முதல் இடைநில்லாச் சேவை அது. தொழில்நுட்பத்தில் குறை இல்லை, எண்ணிக்கைதான் இடித்தது.

எண்ணிக்கை எப்படி இடிக்கும்? போக 17 மணி, வர சுமார் 15 மணி, இரண்டு முனையிலும் சேர்த்து நின்று புறப்பட 5 மணி. மொத்தம் 37. தினசரிச் சேவைக்கு இரண்டு விமானம் போதும் என்று தாளில் வரும். ஒன்று பழுதானால்? மூன்றாவது வேண்டும். உங்கள் ஏர்லைன்ஸில் ஏ350 இந்தத் தடத்துக்கு மட்டும்தான் என்றால், அந்த மூன்றாவது பெரும்பாலான நாள் சும்மா நின்று வாடகை தின்னும். இருபது ஏ350 இருந்தால் ஒரு மாற்று விமானம் இருபதுக்கும் பொது. பைலட்டுக்கும் இதே கணக்கு. 17 மணிப் பயணத்துக்கு நான்கு பைலட். தனி வகை விமானம் என்றால் தனிப் பயிற்சி, தனி சிமுலேட்டர் நேரம், தனி உதிரிபாகக் கிடங்கு. ஏ330 ஓட்டும் நிறுவனமாக இருந்தால் பைலட்டுகளைக் குறுகிய பயிற்சியில் ஏ350-க்கு மாற்றலாம். 777-இலிருந்து 787-க்கும் அப்படியே. ஆகவே உங்கள் கற்பனை ஏர்லைன்ஸின் கொட்டகையில் இப்போது என்ன நிற்கிறது என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அது இல்லாமல் எந்தப் பதிலும் அந்தரத்தில் தொங்கும்.

787 நிறுவனம் என்று வைத்தால் நான் நியூயார்க்கைத் தொடமாட்டேன், லண்டன் போவேன். சென்னையிலிருந்து சுமார் 8,200 கி.மீ. அங்கே தொட்டியை நிரப்ப வேண்டியதில்லை; எல்லா இருக்கையும் விற்றுச் சரக்கும் ஏற்றலாம். ஏ350-ஐவிட 13 டன் எடை குறைவு என்ற உங்கள் வாதம் அங்கேதான் எடுபடும். ஒரு டன்னைக் கூடுதலாகச் சுமந்தால் மணிக்கு 30 கிலோவுக்கு மேல் எரியும் என்பது கைவிதி. பத்து மணி நேரத்துக்கு 13 டன் என்றால் நாலு டன் எரிபொருள். தரையிறங்கும் கட்டணமும் வான்வழிக் கட்டணமும்கூட எடையை வைத்துத்தான்.

இன்ஜினுக்கு ஒரு பத்தி எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 787-க்கு ஜி.இ., ரோல்ஸ்-ராய்ஸ் என இரண்டு தேர்வு உண்டு. ரோல்ஸ்-ராய்ஸின் ட்ரெண்ட் 1000-இல் பிளேடு கோளாறு வந்து 2018 வாக்கில் பல நிறுவனங்கள் விமானங்களைத் தரையில் நிறுத்தின. ஏ350-க்குத் தேர்வே இல்லை, ரோல்ஸ்-ராய்ஸ் மட்டும்தான். பெரிய தம்பியான ஏ350-1000-இன் இன்ஜின் துபாய் வெயிலிலும் புழுதியிலும் எத்தனை நாள் தாங்கும் என்று எமிரேட்ஸ் தலைவர் டிம் கிளார்க் 2023-இல் வெளிப்படையாகவே கேட்டார். கூடுதலாக 900 வகையைத்தான் வாங்கினார். சென்னையும் குளிர்தேசம் இல்லை. கடலைத் தாண்ட இரட்டை இன்ஜின் அனுமதி பற்றி இணையத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். அதில் உங்கள் மூன்று விமானமும் தேறிவிடும், ஒரு வரி போதும்.

எப்போது கிடைக்கும் என்பதையும் சேருங்கள். 2020-இல் வருவதாக இருந்த போயிங்கின் புதிய 777-9 இன்னும் தள்ளிக்கொண்டே போகிறது. இண்டிகோ 2024-இல் 30 ஏ350-900 ஆர்டர் கொடுத்துவிட்டு, அவை வரும் வரை காத்திருக்காமல் நார்வேயின் நார்ஸ் விமான நிறுவனத்தின் 787-9-களைக் குத்தகைக்கு எடுத்து 2025-இல் மும்பையிலிருந்து ஆம்ஸ்டர்டாமும் மான்செஸ்டரும் ஓட்டியது. சந்தையைப் பிடித்துவைத்துக்கொள்ள அது செய்த காரியம். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

அட்டவணையைத் திருத்தும்போது விலைப்பட்டியல் விலையை எடுத்துவிடுங்கள். அந்த விலையில் யாரும் வாங்குவதில்லை. "ரேஞ்ச்" என்ற கட்டத்தையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் "15,000 கி.மீ.-இல் மிஞ்சும் டன்" என்று போடுங்கள். அதற்கு விமானத் தயாரிப்பாளர்கள் விமான நிலையத் திட்டமிடலுக்காக வெளியிடும் ஆவணங்களில் சுமை–தூர வரைபடம் இருக்கும், இலவசம். நான் மேலே போட்ட முழுத் தொட்டிக் கணக்கை அந்தக் கோட்டில் வைத்துச் சரிபாருங்கள். பிறகு முழுக் கணக்கையும் இரண்டு தடவை ஓட்டுங்கள், பாகிஸ்தான் வான்வெளி திறந்திருந்தால் ஒன்று, மூடியிருந்தால் ஒன்று. கைடு கேட்கப்போகும் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.