மகன் கெல்லீஸில், அக்கா மகன் புழலில்: படிப்பு என்ன ஆகும்?

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறோம். என் மகன் ப்ளஸ் டூ படிக்கிறான், அடுத்த மாதம் 18 முடிகிறது. என் அக்கா மகனுக்கு 20 வயது, எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான். இருவரும் பைக்கில் போய் செல்போன் பறித்ததாகப் பிடித்துவிட்டார்கள். மகன் சிறுவர்களை வைக்கும் கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான், அக்கா மகன் புழல் ஜெயிலில். 18 ஆனதும் என் மகனையும் புழலுக்கு மாற்றிவிடுவார்களா? குற்றத்தை ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார் ஒருவர். பள்ளியில் டிசி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். பத்தாவதில் ஃபெயிலான அக்கா மகன் உள்ளே இருந்தே பரீட்சை எழுத முடியுமா?

பதில்: அம்மா, புழலுக்கு மாற்ற மாட்டார்கள். சம்பவம் நடந்த அன்று வயது என்ன என்பதுதான் கணக்கு. அன்றைக்கு 18 முடியாதவன், விசாரணை நடக்கும்போது 18-ஐத் தாண்டினாலும், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி சிறுவனாகவே நடத்தப்படுவான். இரண்டு பேரையும் சேர்த்து விசாரிக்கவும் கூடாது. அக்கா மகனுக்குக் கோர்ட், உங்கள் மகனுக்கு இளைஞர் நீதிக் குழுமம்.

ஆனால் வயதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். உங்கள் மகன் 18-ஐ ஒட்டி நிற்பதால் இதில் அசட்டையாக இருக்காதீர்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருக்கும் பிறந்த தேதிக்குத்தான் சட்டம் முதலிடம் தருகிறது. அது இல்லையென்றால் மாநகராட்சி பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. டிசியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம், வயதுக்கு அது போதாது என்று சொல்லியிருக்கிறது.

அடுத்தது ஜாமீன். பெரியவர்கள் வழக்கில் ஜாமீன் ஏன் தர வேண்டும் என்று நாம் வாதாட வேண்டும். சிறுவர் வழக்கில் அப்படியே தலைகீழ்: கொடுப்பதுதான் விதி, மறுத்தால் குழுமம் காரணத்தை எழுத வேண்டும். வெளியே போனால் குற்றவாளிகளோடு சேருவான், அவனுக்கே ஆபத்து, நீதி கெடும் என்ற மூன்று காரணங்கள்தான் சட்டத்தில் உண்டு. உங்கள் வழக்கில் முதல் காரணத்தைத்தான் சொல்வார்கள், ஏனென்றால் அக்கா மகன் உங்கள் வீட்டிலேயே இருந்தவன். அதற்கு இப்போதே பதில் தயார் செய்யுங்கள். பரீட்சை முடியும்வரை மகன் வேறு பகுதியில் உள்ள தாய்மாமன் வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ இருப்பான் என்று அந்த உறவினரையே நேரில் அழைத்துப் போய்ச் சொல்லவைத்தால் நல்லது. நன்னடத்தை அலுவலர் உங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை கொடுப்பார். குழுமம் அந்த அறிக்கையை மிகவும் மதிக்கும். அவர் வரும் நாளில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருங்கள், மகனின் நோட்டுப் புத்தகங்களைக் காட்டுங்கள். வெட்கப்பட்டு எதையும் மறைக்காதீர்கள். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற முடியவில்லை என்றால், நிபந்தனையை மாற்றச் சொல்லிக் குழுமத்திடமே கேட்கலாம்.

எஃப்.ஐ.ஆர். நகலில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். வெறும் பறிப்பு என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவு, மூன்று ஆண்டு வரை தண்டனை. சிறுவர் சட்டத்தில் அது சிறு குற்றம். விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும், இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம், அதற்குள்ளும் முடியவில்லை என்றால் வழக்கே முடிந்துவிடும். வழிப்பறி என்று 309 போட்டாலும் பெரியவர்கள் கோர்ட்டுக்கு அனுப்ப முடியாது, ஏனென்றால் அதில் குறைந்தபட்ச தண்டனை ஏழு ஆண்டு இல்லை. கத்தியைக் காட்டியதாக 311 சேர்த்திருந்தால்தான் கவனம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 397 அது. குறைந்தபட்சமே ஏழு ஆண்டு என்பதால், 16 வயது முடிந்தவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்ற மதிப்பீடு வரும். கத்தியே இல்லாத சம்பவத்தில் கத்தி வந்திருந்தால் முதல் நாளே வக்கீலிடம் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100-க்கு போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி கிடைக்கும்.

குற்றத்தை ஒத்துக்கொள்ளும் யோசனை வேண்டாம் அம்மா. செய்யாததை ஒத்துக்கொண்டு வந்த பையன், அடுத்த முறை அந்தத் தெருவில் எது காணாமல் போனாலும் முதலில் கூப்பிடப்படுவான். அப்புறம் 19 வயதில் ஒரு வழக்கு, 21-ல் குண்டாஸ் என்று போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்குச் சறுக்கல் பள்ளி நின்றுபோன வருடத்தில்தான் தொடங்கியது.

அதனால்தான் டிசி விஷயத்தில் உறுதியாக நில்லுங்கள் என்கிறேன். வழக்கு இருக்கிறது என்பதற்காகப் பள்ளியை விட்டு அனுப்பச் சட்டத்தில் இடம் இல்லை. குற்றம் நிரூபணமானாலும் அதனால் படிப்புக்கோ வேலைக்கோ தகுதிக்குறைவு வரக்கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. பெரியவனாக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும்தான் விலக்கு. தலைமை ஆசிரியரைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள், மற்ற பெற்றோருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. பெயரையோ படத்தையோ வெளியிடுவதே குற்றம். ஜாமீன் தாமதமானால் பரீட்சை எழுத அனுமதி கேட்டுக் குழுமத்தில் மனு கொடுங்கள், ஹால் டிக்கெட் நகலை இணையுங்கள். இல்லத்துக்குப் போய் அடிக்கடி பாருங்கள். செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் கடைசியில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அதன் பிறகே நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்து இந்த இல்லங்களை ஆராய்ந்தது. மகன் உடம்பில் காயம் தெரிந்தால் அன்றே குழும மாஜிஸ்திரேட்டிடம் சொல்லுங்கள்.

சரி, அக்கா மகன். நாட்டின் சிறைகளில் 2022 முடிவில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் அவனைப் போல விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராமல் மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள். 20 வயதுப் பையனுக்கு அந்தச் சும்மா இருக்கும் நேரம் மிக மோசமான நேரம். 60 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் (பெரிய குற்றங்களில் 90) ஜாமீன் கேட்பது அவன் உரிமை. முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவன் என்றால், அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே கழிந்தாலும் பிணையில் வெளியே வர வழி உண்டு.

வெளியே வரும்வரை அவன் படிக்கலாம். பத்தாவதும் ப்ளஸ் டூவும் சிறைக்குள்ளிருந்தே எழுதுகிறார்கள், புழலில் தேர்வு மையம் அமைகிறது. பேரறிவாளன் 2012-ல் வேலூர் சிறையிலிருந்து ப்ளஸ் டூ எழுதி 1,096 மதிப்பெண் வாங்கினார். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 2013-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிறையில் படித்தவர்கள் மீண்டும் குற்றத்துக்குத் திரும்பும் வாய்ப்பு மற்றவர்களைவிட 43 விழுக்காடு குறைவாக இருந்தது. நம் ஊரில் பிரச்சினை வேறு: யாராவது கேட்டால்தான் நடக்கும். நீங்களும் உங்கள் அக்காவும் மனு பார்க்க, அதாவது சிறையில் அவனைச் சந்திக்கப் போகும்போது, தனித்தேர்வராகப் பத்தாவது எழுத விரும்புவதாக அவனையே எழுதித் தரச் சொல்லுங்கள். சிறை நல அலுவலரிடம் அது போக வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி தேதி உண்டு, அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் ஜாமீன் கிடைத்தால் விண்ணப்பம் வீணாகுமோ என்று தயங்க வேண்டாம், தேர்வு மையத்தை மாற்ற முடியுமா என்று தேர்வுத் துறையிடம் அப்போது கேட்டுக்கொள்ளலாம்.

இந்த வாரமே இரண்டு பையன்களின் மார்க் ஷீட்டையும் தேடி எடுத்து ஆளுக்கு நான்கு ஜெராக்ஸ் போட்டு வையுங்கள். அசலை யார் கேட்டாலும் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.