தப்பியோடியவருக்கு எதற்குப் பாரிஸ்டர்?

கேள்வி: லண்டனில் சட்டம் படிக்கும் என் மகள், பாரிஸ்டராகிக் குற்றவியல் வழக்குகளிலும் நாடு கடத்தல் வழக்குகளிலும் வாதாடப்போவதாகச் சொல்கிறாள். வங்கிப் பணத்தோடு அந்த ஊரில் போய் ஒளிந்துகொண்டவர்களைக் காப்பாற்றிப் பெரும் பணம் சேர்க்கும் தொழில் அல்லவா இது? நாணயமான குடும்பத்துப் பெண் செய்யக்கூடிய வேலையா?
— ஒரு வாசகர்

பதில்: கேள்வி என்று அனுப்பியிருக்கிறீர்கள், ஆனால் தீர்ப்பை அதற்குள்ளேயே எழுதிவிட்டீர்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம் நாளேடுகள் 'நாடு கடத்தல்' என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு காரியங்களைக் குறிக்கின்றன. விசா முடிந்தும் தங்கிவிட்ட ஒருவரை ஓர் அரசு தன் குடியேற்றச் சட்டப்படி வெளியேற்றுவது ஒன்று. 'இவர்மீது எங்கள் நாட்டில் குற்ற வழக்கு இருக்கிறது. அல்லது இவர் அனுபவிக்க வேண்டிய தண்டனை பாக்கியிருக்கிறது. அனுப்பி வையுங்கள்' என்று இன்னொரு நாடு கேட்க, அதை நீதிமன்றம் ஆராய்ந்து ஆளை ஒப்படைப்பது மற்றொன்று. உங்கள் மகள் சொல்வது இரண்டாவதை. அதை ஒப்படைப்பு என்றே இங்கே சொல்கிறேன்.

ஒப்படைப்பு வழக்கில், அந்த மனிதர் குற்றம் செய்தாரா இல்லையா என்பதை லண்டன் நீதிமன்றம் தீர்மானிப்பதே இல்லை. அது கேட்ட நாட்டின் நீதிமன்றத்துடைய வேலை. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியின் ஒப்படைப்பு வழக்குகள் எல்லாம் முதலில் வருவது வெஸ்ட்மின்ஸ்டர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு. 2003-ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டம் வகுத்த கேள்விகளுக்கு மட்டுமே அங்குள்ள நீதிபதி விடை தேடுகிறார். குற்றம் என்று சொல்லப்படும் செயல் பிரிட்டிஷ் சட்டப்படியும் குற்றமா? மதத்துக்காகவோ இனத்துக்காகவோ அரசியல் கருத்துக்காகவோ பழிவாங்கும் நோக்கில் கேட்கிறார்களா? எந்தக் குற்றத்துக்காகக் கேட்டார்களோ அதற்காக மட்டும்தான் விசாரிப்பார்களா? போகும் இடத்துச் சிறை மனிதர் இருக்கத் தக்கதா? இந்தியா கேட்கும் வழக்குகளில், குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவை ஒவ்வொன்றையும் எழுப்பி, கேட்ட நாட்டைப் பதில் சொல்ல வைப்பதுதான் எதிர்த்தரப்புப் பாரிஸ்டரின் பணி.

உங்கள் மனத்தில் இருப்பது விஜய் மல்லையா வழக்காகத்தான் இருக்கும். முகாந்திரம் இல்லை, அரசியல் நோக்கம் இருக்கிறது, மும்பை ஆர்தர் ரோடு சிறை தகுதியற்றது என்று அவர் தரப்பில் வாதாடினார்கள். அந்தச் சிறையின் 12-ஆம் பாரக்கைப் படம்பிடித்து இந்தியத் தரப்பு நீதிமன்றத்தில் காட்டியது. 2018 டிசம்பரில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும், 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்திலும் மல்லையா தோற்றார். அதன் பிறகும் அவர் வந்து சேராததற்கு, வெளியே சொல்ல முடியாத ஒரு சட்ட விவகாரம் முடிய வேண்டியிருக்கிறது என்று பிரிட்டிஷ் அரசுத் தரப்பு காரணம் கூறியது. நீரவ் மோதியின் மேல்முறையீட்டையும் உயர் நீதிமன்றம் 2022 நவம்பரில் தள்ளுபடி செய்தது. ஆக, இவ்விரு வழக்குகளிலும் பாரிஸ்டர்கள் அவர்களைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று சொல்ல வழியே இல்லை.

நீங்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லாத ஒன்றையும் சொல்கிறேன். மல்லையாவுக்காக நின்ற கிளேர் மான்ட்கோமெரி, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சை ஒப்படைக்கச் சொல்லி ஸ்வீடன் அரசு வழக்குத் தொடுப்புத் துறையின் சார்பில் வாதாடியவர். அதற்கும் முன்னால், சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசேயை ஒப்படைக்கக் கூடாது என்று வாதாடியவர். மல்லையாவுக்கு எதிராக இந்திய அரசின் பக்கம் நின்ற மார்க் சம்மர்ஸ், பின்னாளில் அமெரிக்கா கேட்ட வழக்கில் அதே அசாஞ்சுக்காக வாதாடினார். இந்த மாதம் கேட்கும் நாட்டுக்காக நிற்பவர் அடுத்த மாதம் கேட்கப்படும் ஆளுக்காக நிற்பது அங்கே வழக்கம். அதை யாரும் கட்சி மாறுவதாக நினைப்பதில்லை. வாடகைக் கார் நிலையத்தில் முதலில் நிற்கும் கார், வந்த சவாரியை மறுக்க முடியாதல்லவா? தன் துறையில் வரும் வழக்கை, உரிய கட்டணமும் நேரமும் இருக்கும்போது, கட்சிக்காரரைப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு பாரிஸ்டர் மறுக்கக் கூடாது என்ற தொழில் விதிக்கே அந்தக் காரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, 'குற்றவாளிகளுக்குத் துணைபோகிறவர்' என்று ஒரு பாரிஸ்டரைக் குறை கூறுவது எந்த வகையில் நியாயம்?

இன்னொன்று: கேட்கப்படுபவர்களில் கோடீசுவரர்கள் மிகச் சிலரே. வெஸ்ட்மின்ஸ்டரில் அன்றாடம் கூண்டில் நிற்பவர்களில் பெரும்பாலோர் போலந்து, ருமேனியா போன்ற ஐரோப்பிய நாடுகள் கேட்கும் கட்டடத் தொழிலாளர்கள், ஓட்டுநர்கள், கிடங்கு ஊழியர்கள். பல ஆண்டுகளுக்கு முன் செய்த சிறு திருட்டுக்காக நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை பிறகு அமலாக்கப்பட்டிருக்கும். இதற்குள் அந்த மனிதருக்கு இங்கிலாந்தில் குடும்பமும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் இருப்பார்கள். அவரை அனுப்புவது அளவுக்கு மீறிய தண்டனையா என்பதுதான் அங்கே வழக்கு. 2012-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் இத்தகைய வழக்குகள் சிலவற்றை ஒன்றாகக் கேட்டது. போதைப்பொருள் கடத்தல் வழக்கில் இத்தாலி கேட்ட ஒரு தம்பதியை, அவர்களுக்குச் சிறு குழந்தைகள் இருந்தும், அனுப்பலாம் என்றது. பழைய மோசடிக் குற்றங்களுக்காகப் போலந்து கேட்ட ஒரு தாயை அனுப்ப மறுத்தது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தது. அந்தத் தாய்க்காக யாரும் வாதாட வராமல் இருந்திருந்தால், நீதிபதிகள் முன்னால் அந்தத் தராசே இருந்திருக்காது.

இத்தகைய வாதங்கள் கேட்கும் நாட்டுக்கும் நன்மை செய்கின்றன. கிரிக்கெட் சூதாட்ட வழக்கில் இந்தியா கேட்ட சஞ்சீவ் சாவ்லாவை, திகார் சிறையின் நிலையைக் காரணம் காட்டி 2017-இல் நீதிமன்றம் விடுவித்தது. அதன் பிறகு எவ்வளவு இடம், என்ன பாதுகாப்பு, என்ன மருத்துவ வசதி என்று இந்திய அரசு எழுத்தில் உறுதி கொடுத்தது. அந்த உறுதியின் பேரில் வழக்கு திரும்பி, 2020 பிப்ரவரியில் அவர் அனுப்பப்பட்டார். ஒரு சிறைவாசிக்கு இத்தனை அடி இடம் தருவோம் என்று அரசை எழுதிக் கொடுக்க வைத்த வாதத்தை நான் மதிக்கிறேன்.

இனிப் பணம். மல்லையா போன்றோருக்கு வாதாடும் மூத்த பாரிஸ்டர்கள் பெரும் கட்டணம் வாங்குவது உண்மை. உங்கள் மகள் அந்த இடத்தில் தொடங்கப்போவதில்லை. லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்ற நான்கு சங்கங்களுள் ஒன்றில் சேர்ந்து, பாரிஸ்டர் தேர்வு எழுதி, பட்டம் பெற்றாலும், பாரிஸ்டர்கள் சேர்ந்து இயங்கும் அலுவலகமான ஒரு சேம்பரில் பியூப்பிலேஜ் என்னும் ஓராண்டுப் பயிற்சி கிடைத்தால்தான் நீதிமன்றத்தில் எழுந்து நிற்க முடியும். தேர்வில் வெல்பவர்கள் பலர். பயிற்சி இடங்கள் சில. முதல் ஆறு மாதம் மூத்தவர் ஒருவரின் பின்னால் இருந்து பார்ப்பது. அடுத்த ஆறு மாதம் தானே வாதாடுவது. அதன் பிறகும் மாதச் சம்பளம் இல்லை. சொந்தத் தொழில், வழக்கு வந்தால் வருமானம், வராவிட்டால் இல்லை. கட்சிக்காரர்களில் பலர் அரசின் சட்ட உதவி நிதியை நம்பியிருப்பவர்கள். அந்த நிதி தரும் கட்டணம் போதவில்லை என்றுதான் 2022-இல் குற்றவியல் பாரிஸ்டர்கள் அங்கியைக் கழற்றிவைத்துவிட்டு நீதிமன்ற வாசலில் நின்றார்கள். செப்டம்பரில் காலவரையற்றதாக மாறிய அந்தப் போராட்டம், கட்டணத்தை 15 சதவீதம் உயர்த்த அரசு முன்வந்த பிறகு அக்டோபரில் முடிந்தது. தொழிலுக்கு வந்த முதல் மூன்று ஆண்டுகளில் செலவுபோக ஆண்டுக்குச் சராசரியாக 12,200 பவுண்டுதான் மிஞ்சுகிறது என்று அவர்கள் சங்கம் அப்போது திரும்பத் திரும்பச் சொன்னது. லண்டனில் இந்தத் தொகையில் வாடகை கொடுத்து வாழ முடியாது.

எனவே உங்கள் கவலை குடும்ப நாணயத்தைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளை அவள் எப்படிக் கடப்பாள், இரவு கைக்கு வந்த வழக்குக் கட்டைப் படித்துவிட்டுக் காலையில் அவளால் வாதாட முடியுமா, மேல்முறையீட்டுக்கு ஐரோப்பிய வழக்கென்றால் ஏழே நாள்தான் அவகாசம் என்பது அவளுக்குத் தெரியுமா என்றெல்லாம் கேளுங்கள். சங்கங்கள் தரும் உதவித்தொகைகளுக்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றம் மேரிலபோன் சாலையில் இருக்கிறது. வழக்கு நடக்கும்போது பொதுமக்கள் உள்ளே அமரலாம். அடுத்த விடுமுறையில் அவள் ஒரு வாரம் அங்கே போய் உட்காரட்டும். கேட்கும் ஒவ்வொரு வழக்கிலும், கேட்ட நாட்டுக்காக ஒரு பக்கமும், கூண்டில் நிற்பவருக்காக ஒரு பக்கமும், ஒரே அக்கறையோடு எழுதிப் பார்க்கட்டும். எழுதியதை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் அவளுடைய சொந்தக் கட்சி என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாவிட்டால், பாரிஸ்டர் படிப்புக்கான விண்ணப்பத்தை அவள் நிரப்பலாம்.