சட்டைப் பை டார்ச்: பெட்டியில் உள்ள பெரிய எண்ணை நம்பலாமா?

கேள்வி: எப்போதும் கூடவே வைத்துக்கொள்ள ஒரு சிறிய டார்ச் வாங்க நினைக்கிறேன். இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றின் பெட்டியில் 1,200 லூமன், 50 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. 1,000 எம்ஏஎச் பேட்டரி உள்ளேயே பொருத்தியது, யூஎஸ்பி-சியில் சார்ஜ் ஏறும். இன்னொன்று ஒரு டபுள் ஏ செல்லில் எரிவது, 350 லூமன்தான். விலை ஏறக்குறைய ஒன்றே. மின்சாரம் போனால் படியிறங்க, மேசைக்கு அடியில் வயர் தேட, இரவில் நாயை அழைத்துக்கொண்டு நடக்க, இவ்வளவுதான் என் தேவை. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: நீங்கள் சொல்லும் வேலைகளுக்கு 350 லூமன் டார்ச்சை வாங்குங்கள். ஆனால் அதையும் பெட்டியை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

லூமன் என்பது டார்ச் விடும் மொத்த வெளிச்சத்தின் அளவு. முதலில் 1,200 லூமனையும் 50 மணி நேரத்தையும் ஒரு சிறு கணக்கில் போட்டுப் பார்ப்போம். பேட்டரியின் மின்னழுத்தம் 3.7 வோல்ட், கொள்ளளவு 1,000 எம்ஏஎச், அதாவது 1 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 3.7 வாட்-மணி, அதில் அடங்கியிருக்கும் ஆற்றல் அவ்வளவுதான். இன்றைய சிறிய டார்ச்சுகளில் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் வெளிச்சம் கிடைக்கும். நல்ல எல்இடி, நல்ல மின்சுற்று என்றால் கொஞ்சம் கூடும். மலிவானது என்றால் குறையும். ஆக மொத்த இருப்பு ஏறத்தாழ 370 லூமன்-மணி. 1,200 லூமனில் எரித்தால் அது 18 அல்லது 19 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 50 மணி நேரம் எரிய வேண்டுமானால் வெளிச்சம் ஏழெட்டு லூமனைத் தாண்ட முடியாது. பெட்டியில் இருக்கும் இரண்டு எண்களுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒன்று டார்ச்சின் உச்ச வெளிச்ச நிலைக்கு உரியது, மற்றது ஆகக் குறைந்த வெளிச்ச நிலைக்கு உரியது. அவற்றை அருகருகே பெரிய எழுத்தில் அச்சிட்டு, ஒன்றாகக் கிடைப்பதுபோலக் காட்டுவது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

அந்த 18 நிமிடமும் கையில் கிடைக்காது. 1,200 லூமன் என்றால் 12 வாட். அதில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் மாறுகிறது. விரல் நீள அலுமினியக் குழாயால் அவ்வளவு வெப்பத்தைக் காற்றில் விட முடியாது. ஓரிரு நிமிடங்களில் பிடிக்க முடியாத சூடு ஏறும். அதற்குள் உள்ளிருக்கும் சுற்றே வெளிச்சத்தை இருநூறு, முந்நூறு லூமன் அளவுக்கு இறக்கிவிடும். இது பழுது இல்லை. இறக்காத டார்ச்தான் ஆபத்தானது. அதாவது மூன்றாவது நிமிடத்தில் நீங்கள் பார்த்துவைத்த இரண்டு டார்ச்சுகளும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

உச்ச நிலையில்கூட வித்தியாசம் எண்கள் காட்டும் அளவுக்குக் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் இரட்டிப்பானதாகக் கண் உணர வேண்டுமானால் லூமன் ஏறக்குறைய நான்கு மடங்காக வேண்டும். 350-க்கும் 1,200-க்கும் இடையே மூன்றரை மடங்குகூட இல்லை.

பெட்டியில் ‘ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1’ என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 2009-இல் வந்த அளவீட்டுத் தரம் அது, பிறகு திருத்தப்பட்டிருக்கிறது. அதன்படி, டார்ச்சை எரியவிட்ட 30 நொடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் லூமனை அளக்க வேண்டும். எரியும் நேரம் என்பது, தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. இந்த இரண்டாவது விதியை நன்றாக மனத்தில் வையுங்கள். ‘1,200 லூமன், ஒன்றரை மணி நேரம்’ என்று விதிப்படியே எழுதிவிட்டு, டார்ச் மூன்றாவது நிமிடத்தில் 250-க்கு இறங்கி, கடைசியில் 120-இல் தள்ளாடி நிற்கலாம். நல்ல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியே லூமன், நேரம் இரண்டையும் அட்டவணையாகத் தருவார்கள். நேரம் போகப் போக வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடமும் சிலர் தருவார்கள். வரைபடம் இருந்தால் நடுத்தர வெளிச்ச நிலையின் கோட்டைத்தான் முதலில் பாருங்கள். அது நெடுநேரம் மட்டமாக ஓடிக் கடைசியில் விழுந்தால் சுற்று நன்றாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்திலிருந்தே சரிந்துகொண்டே போனால், பேட்டரி வடிய வடிய வெளிச்சமும் வடியும்.

உங்கள் வேலைகளுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? இருட்டில் படியிறங்க 10, 20 லூமன் தாராளம். மேசைக்கு அடியில் 30 முதல் 50 போதும். அதற்கு மேல் போனால் அருகிலுள்ள வெள்ளைச் சுவரில் ஒளி பட்டுத் திரும்பிக் கண் கூசும். நாயுடன் நடக்க 100, 150. ஆகவே 100 லூமனில் எத்தனை மணி நேரம் என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. 2,000 எம்ஏஎச் ரீசார்ஜ் டபுள் ஏ செல்லில் 2.4 வாட்-மணி இருக்கிறது. 100 லூமனில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

இதைவிட முக்கியமாக நான் பார்ப்பது கீழ்நிலையை. இருட்டுக்குப் பழக கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. நள்ளிரவில் எழுந்து பொத்தானை அழுத்தியதும் 350 லூமன் பாய்ந்தால் அந்தப் பழக்கம் ஒரே நொடியில் போய்விடும்; பக்கத்தில் தூங்குபவரும் எழுந்துவிடுவார். ஒரு லூமன் அல்லது அதற்கும் கீழே ஒரு நிலை இருக்க வேண்டும். டார்ச் அந்த நிலையிலிருந்து தொடங்க வேண்டும், அல்லது பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரே அங்கே போக வேண்டும். கடையில் ஐந்தாறு முறை எரித்து அணைத்துப் பாருங்கள். எதற்கு எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று நின்று யோசிக்க வேண்டியிருந்தால் அவசரத்தில் அது உதவாது. அணைக்கப் போகும் வழியில் மின்னி மின்னி எரியும் நிலை குறுக்கிட்டால் அந்த டார்ச்சை அங்கேயே வைத்துவிடுங்கள்.

அடுத்து நிறம். உங்களுக்கு வயர் தேடும் வேலை இருப்பதால் இது பொருட்படுத்த வேண்டிய விஷயம். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை சிஆர்ஐ என்ற எண் சொல்லும். சாதாரண எல்இடிகளில் அது 70-ஐ ஒட்டியும், நல்லவற்றில் 90-க்கு மேலும் இருக்கும். 70-இல் சிவப்பு மங்கிப்போகிறது. சிவப்பு வயரும் பழுப்பு வயரும் ஒன்றுபோலத் தெரியலாம். எண் போடப்படாவிட்டால் உங்கள் உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். தோல் சாம்பல் பூத்தாற்போலோ பச்சை கலந்தோ தெரிந்தால் வேண்டாம். உயர்ந்த சிஆர்ஐ எல்இடி சற்றுக் குறைந்த லூமனே தரும். அந்த நட்டத்தை நான் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

கையோடு இன்னொன்றையும் சோதியுங்கள். குறைந்த நிலையில் எரியவிட்டு, ஒளியின் முன் விரல்களை விரித்து வேகமாக ஆட்டுங்கள். விரல்கள் மங்கலாக இழுபட்டுத் தெரிந்தால் சரி. தனித்தனி விரல்களாக, படிப்படியாக வெட்டுப்பட்டுத் தெரிந்தால் டார்ச் வேகமாக அணைந்து எரிந்துதான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. சிலருக்கு அது தலைவலி தரும்.

எட்டும் தூரம் உங்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. பெட்டியில் 100 மீட்டர் என்றால், அங்கே 0.25 லக்ஸ், கிட்டத்தட்ட முழுநிலவு அளவு வெளிச்சம், விழும் என்று பொருள். தெளிவாகப் பார்க்க அதில் பாதித் தூரமே உதவும். சுவரில் அடித்தால் நடுவட்டம் மெல்ல மெல்ல ஓரத்தோடு கலக்கும் டார்ச்சே நடைக்கும் வீட்டுக்கும் ஏற்றது. முன்னும் பின்னும் இழுத்து ஒளியைக் குவிக்கும் வகை வேண்டாம். அந்த இடைவெளியில் நீரும் தூசியும் புகும்.

பேட்டரிக்கு வருவோம். உள்ளேயே அடைத்த பேட்டரி தேய்ந்தால் பெரும்பாலும் டார்ச்சே போய்விடும். டபுள் ஏ செல்லை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதில் ஆல்கலைன் செல்லைப் போட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள். அது கசிந்தால் வரும் காரம் தொடுமுனைகளை அரித்துவிடும். உச்ச நிலைக்கு வேண்டிய மின்னோட்டத்தை ஆல்கலைனால் நெடுநேரம் தரவும் முடியாது. சும்மா வைத்திருக்கும்போது சார்ஜ் அதிகம் வடியாத நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் போடுங்கள். 14500 என்ற லித்தியம் அயான் செல் டபுள் ஏ அளவில்தான் இருக்கும், ஆனால் 3.7 வோல்ட், தயாரிப்பாளர் அனுமதித்தால் தவிர போடக் கூடாது, சுற்று கருகிவிடலாம். ஒருவேளை யூஎஸ்பி-சி டார்ச்சையே வாங்கினால், இரு முனையும் சி ஆக உள்ள கேபிளில் சார்ஜ் ஏறுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். இரண்டு சிறு ரெசிஸ்டர்களை மிச்சம் பிடித்ததால் பழைய வகை கேபிளில் மட்டும் ஏறும் டார்ச்சுகள் நிறைய உண்டு.

பையில் தானாக எரிவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உச்ச நிலையில் லென்ஸை ஒட்டிய துணி கருகும், தொடை சுடும். பொத்தான் விளிம்புக்குள் அமிழ்ந்திருப்பது நல்லது. பின்மூடியைக் கழற்றி மரையைப் பாருங்கள். மரையிலும் டார்ச்சின் வெளிப்புறத்தில் உள்ள அதே சாம்பல் அல்லது கறுப்புப் பூச்சு இருந்தால், பெரும்பாலும் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினாலே மின்னோட்டம் அறுந்துவிடும். மரை பளபளவென்று வெறும் உலோகமாக இருந்தால் தளர்த்தியும் பயனில்லை.

நீர்ப்புகாமைக்கு ஐபிஎக்ஸ்7 போதும். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். கிளிப் இறுக்கமாக இருக்க வேண்டும். நீளம் 10 சென்டிமீட்டரைத் தாண்டினால் இரண்டாவது வாரமே மேசை இழுப்பறைக்குப் போய்விடும்.

வாங்கியதும், திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் ஒரு சோதனை செய்யுங்கள். முழு சார்ஜுடன் 100 லூமனை ஒட்டிய நிலையில் கூரையைப் பார்த்து நிறுத்தி எரியவிடுங்கள். நேரத்தைக் குறித்து, அரை மணிக்கு ஒருமுறை ஒரே இடத்திலிருந்து, கைபேசி கேமராவின் ஒளியளவைப் பூட்டி, ஒரு படம் எடுங்கள். படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வெளிச்சம் எப்போது விழுந்தது என்று தெரிந்துவிடும். அட்டவணையில் சொன்ன நேரத்தில் பாதிகூட வரவில்லை என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.