கருவி வரைந்த தரவு மாதிரியை நம்பலாமா?

கேள்வி: எங்கள் மொத்த விற்பனை நிறுவனத்தின் கணக்குகள் இதுவரை எக்செல் தாள்களிலேயே இருக்கின்றன. அவற்றைத் தரவுத்தளத்துக்கு மாற்ற விரும்பி, செயற்கை நுண்ணறிவு இணைந்த வரைபடக் கருவி ஒன்றில் எங்கள் தொழிலை ஒரு பத்தியில் விவரித்தேன். உடனே 14 அட்டவணைகளைக் கட்டங்களாக வரைந்து, கோடுகளால் இணைத்து, ஒரு தரவு மாதிரியாகக் கொடுத்துவிட்டது. இதை அப்படியே நிரலாளரிடம் ஒப்படைக்கலாமா?

பதில்: ஒப்படைப்பதற்கு முன் அந்தப் படத்தை நீங்களே ஒருமுறை வாசிக்க வேண்டும். விற்பனைத் தொழிலுக்குப் பொதுவாக என்னென்ன அட்டவணைகள் தேவைப்படும் என்பது கருவிக்கு நன்றாகத் தெரியும். உங்கள் நிறுவனத்தின் வழக்கம் தெரியாது. நீங்கள் சொல்லாமல் விட்டதை அது ஊகித்து நிரப்புகிறது. சொன்னதும் ஊகித்ததும் படத்தில் ஒரே மாதிரிக் கோடாகத் தெரிவதுதான் சிக்கல்.

கட்டமும் கோடுமாக வரையும் இந்த முறைக்கு, கணினி அறிஞர் பீட்டர் சென் 1976-இல் வெளியிட்ட கட்டுரை அடித்தளமிட்டது. இன்றைய கருவிகள் பலவற்றில் கோட்டின் நுனி காக்கைக் கால்போல மூன்றாகப் பிரிந்திருந்தால் ‘பல’ என்று பொருள். ஒவ்வொரு கோட்டையும் இரு பக்கமிருந்தும் வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். ‘ஓர் ஆர்டருக்கு ஒரே பில்’ என்று படம் சொல்ல, நீங்களோ சரக்கை இரண்டு தவணையாக அனுப்பி இரண்டு பில் போடுபவராக இருந்தால், அந்தக் கோடு தவறு. பல ஆர்டர்களைச் சேர்த்து ஒரே பில் போடும் வழக்கமும் உண்டென்றால், இரண்டுக்கும் நடுவே, எந்த ஆர்டர் எந்தப் பில்லில் சேர்ந்தது என்று குறிக்கும் ஓர் இணைப்பு அட்டவணை தனியாக வேண்டும்.

அடுத்து, விலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பொருள் அட்டவணையில் மட்டும் விலையை வைத்து, பில் வரியில் பொருள் எண்ணையும் அளவையும் மட்டும் வைத்திருந்தால், இன்று நீங்கள் விலையை ஏற்றியதும் போன வருடத்துப் பில்லின் தொகையும் சேர்ந்து ஏறிவிடும். ஒரே செய்தியை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது என்பது, கணினி அறிஞர் எட்கர் காட் 1970-இல் முன்வைத்த, தரவை அட்டவணைகளாக அடுக்கும் தொடர்புசார் மாதிரியைப் பின்பற்றுவோர் போற்றும் விதிதான். ஆனால், இன்றைய விலையும் விற்ற அன்றைய விலையும் ஒரே செய்தி அல்ல; இரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும். இதை மிகை என்று கருதிக் கருவி நீக்கச் சொன்னால் இணங்காதீர்கள். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் எண்ணாக) வைத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், எண் மாறக்கூடியது.

பிறகு, உங்களுக்கு அதிகத் தலைவலி கொடுத்த பழைய பில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: தள்ளுபடி கொடுத்து, பாதிச் சரக்கு திரும்பி வந்து, பணமும் இரண்டு முறையாக வந்த பில்லாக இருந்தால் நல்லது. அதை அந்த 14 அட்டவணைகளிலும் வரிவரியாகக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். திரும்பி வந்த சரக்கை எழுத இடம் கிடைக்காமல் கை நின்றால், குறை அங்கேதான் இருக்கிறது. இதைச் செய்யும்போது, மேலாளரைவிட பில் போடுபவர் உடனிருப்பது மேல். விதிவிலக்குகள் எல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும் கவனம்: உண்மையான வாடிக்கையாளர் பட்டியலைக் கருவியில் ஏற்ற வேண்டாம், நெடுவரிசைத் தலைப்புகளும் சில கற்பனை வரிகளும் போதும்.

கண்ட குறைகளைக் கருவியிடமே சொல்லிப் படத்தைத் திருத்தி வாங்கி, அதே பில்லை மறுபடியும் எழுதிப் பாருங்கள். கடைசி வரிவரை தடையின்றி எழுத முடிந்தால், படத்தையும் அந்தக் காகிதத்தையும் சேர்த்தே நிரலாளரிடம் கொடுங்கள்.