மந்தமான காதில் ஓசை பலமாகக் கேட்பது ஏன்?

கேள்வி: தலைசுற்றலும் வலக்காதில் மந்தமும் உள்ள என் தாயாரின் நெற்றியில் மருத்துவர் இசைக்கவையை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் கவட்டை வடிவ உலோகக் கருவி) தட்டி வைத்தபோது, மந்தமான காதில்தான் ஓசை பலமாகக் கேட்டதாம். இது எப்படி? கண்ணை மூடி, நின்ற இடத்திலேயே நடக்கச் சொன்னது எதற்காக?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாயார் சொன்னது சரியே. ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு 'ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில்தான் ஓசை ஓங்கும். நெற்றியில் வைத்த 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வு எலும்பு வழியாக இரு உட்செவிகளையும் அடைகிறது. குறும்பியோ நடுச்செவி நீரோ அடைத்த காதில் அது பலமாகவும், உட்செவியோ நரம்போ பழுதானால் நல்ல காதில் பலமாகவும் கேட்கும். அடுத்து, கவையைக் காதின் பின்னெலும்பில் ஊன்றி, பிறகு காதுத் துளையருகே பிடிப்பார்கள். இயல்பான செவிக்குக் காற்றுவழி ஓசையே பெரிது. எலும்புவழி ஓசை மிஞ்சினால், அடைப்பு என்ற ஐயம் வலுக்கும்.

எட்டாம் மூளை நரம்பு கேட்டலோடு சமநிலையையும் சுமப்பதால், நடைச் சோதனையும் அதே பரிசோதனையில் சேர்கிறது. கண்ணை மூடி ஏறத்தாழ 50 எட்டுகள் வைக்கையில், ஒருபக்கச் சமநிலை உறுப்பு தளர்ந்திருந்தால் உடல் பெரும்பாலும் அப்பக்கமாகவே திரும்பிவிடும். இது குறிப்பு மட்டுமே, தீர்ப்பன்று. என் கருத்தில், செவித்திறன் வரைபடம் எடுக்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. மந்தம் ஓரிரு நாளில் திடீரென வந்திருந்தால், குறும்பி என்று காத்திராமல் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.